சுட்ட மீனும் அரிசிக் கள்ளும்

எந்த மீனுக்கு எந்த சாக்கே என்று பார்த்துப் பார்த்துக் குடிப்பது ஜப்பானில் ஒரு கலை. இவ்வளவு நெல் விளையற நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் அப்படி ஒண்ணுமே இல்லையான்னு தேடினால், கடியலூர் உருத்திரங்கண்ணனார் மாட்டினார் :-)

இவரோட பெரும்பாணாற்றுப்படை காஞ்சிப் பக்கத்துப் பாட்டு. அதில் வலைஞர் வீட்டில் தீட்டாத அரிசியைக் களியாகக் கிண்டி, ஆறவைத்து, இடித்த நெல்முளையைக் கலந்து, ரெண்டு பகல் ரெண்டு ராத்திரி சாடியில் விட்டு, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் வேலையை சாக்கேயில் ஒரு பூஞ்சை செய்யும், இங்கே முளை. தொட்டுக்க? சுட்ட மீன்!

அதே புலவர் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினம் வந்ததும் சரக்கு மாறுகிறது. பௌர்ணமியன்று கடலுக்குப் போகாத பரதவருக்குப் பனங்கள். ராத்திரியில் பெண்கள் மட்டு என்ற கள்ளை ஒதுக்கிவிட்டு மதுவுக்குப் போகிறார்கள். நெல் குவிந்த ஊரில் அரிசிக் கள்ளைக் காணோம்! அது வீட்டுச் சரக்கு, துறைமுகத்தில் எடுபடவில்லை என்பது என் ஊகம்.

ஆனா நேரம், ஆள், தொட்டுக்கறது எல்லாம் பார்த்துத்தான் குடித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை. இப்ப நெத்திலி வறுவலானாலும் சுண்டலானாலும் டாஸ்மாக் குவாட்டர்தான்.