வெனிஸ் வணிகர் கண்ட காயல்

ஐரோப்பாவின் ஏட்ரியாட்டிக் கடலில், குரோஷியா நாட்டைச் சேர்ந்த கோர்ச்சுலா என்னும் தீவு உண்டு. அத்தீவின் பெயரையே தாங்கிய சிற்றூர் ஒன்று, பழைய மதில்களுடன், கடலுக்குள் நீண்டு நிற்கும் நிலமுனையில் அமைந்திருக்கின்றது. கோடைக் காலத்தில் கடல் நீராடவும் காற்று வாங்கவும் பல நாட்டாரும் அங்கே வந்து குழுமுவர். வருவோர்க்கு ஊரார் தவறாமல் காட்டுவது, சந்தொன்றில் உள்ள கோபுர வீடு. மார்க்கோ போலோ பிறந்த வீடு அதுவே என்பர். அவர் அங்கே பிறந்தார் என்பதற்கு உறுதியான ஆவணம் கிடையாது. வெனிஸ் நகரத்தவர் என்பதே பெரும்பாலான ஆராய்ச்சியாளரின் முடிவு. 1298-ல் அத்தீவின் அருகே வெனிஸ் கப்பற்படைக்கும் ஜெனோவா கப்பற்படைக்கும் நடந்த போரில் அவர் சிறைப்பட்டார் என்றும் ஒரு வழக்கு நிலவுகின்றது. பிறப்புக்குச் சான்றில்லை, சிறைப்பட்டதற்கும் வழக்கு மட்டுமே துணை. ஆயினும் வீடு இருக்கின்றது. அதைக் காண வருவோரும் இருக்கின்றனர்.

அந்த மார்க்கோ போலோ தம் நூலில் தனி அத்தியாயமே ஒதுக்கி வருணித்த கடற்கரைப் பட்டினம் ஒன்று நம் தமிழகத்தில் உள்ளது. அதுவே காயல். அதைக் காண வேண்டும் என்ற நெடுநாள் ஆவலால், தேனியை அடுத்த எம் வீரபாண்டியிலிருந்து குடும்பத்தாருடன் புறப்பட்டோம். முல்லையாற்றங்கரையில் வாழும் எமக்குக் கடல் அரிய பொருள். பிள்ளைகளுக்கு அலை வேண்டும். எமக்கு மார்க்கோ போலோ வேண்டும். பயணம் ஒன்றே போதுமானதாயிற்று.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் உப்பளங்களைக் கடந்தால் முதலில் வருவது பழையகாயல். பின்னர் தாமிரபருணி, அதைக் கடந்தால் வெற்றிலைக்குப் பெயர்பெற்ற ஆத்தூர், அதன் பின்னரே காயல்பட்டினம். ஆற்றுமுகத்தில் புன்னைக்காயல் என மூன்றாவது ஊரும் உண்டு. ஆத்தூர் வெற்றிலையைச் சொல்லாமல் கடப்பது முறையன்று. காயலில் மக்கள் எந்நேரமும் ஓர் இலையை மென்றுகொண்டிருப்பர் என்றும், அதன் பெயர் ‘தெம்புல்’ என்றும் மார்க்கோ போலோ எழுதினார். நம் தாம்பூலத்தை அரபியர் ‘தன்பூல்’ என்றனர். அவர்கள் நாவின் வழியாகவே அது வெனிஸ் வணிகரின் ஏட்டில் ஏறிற்று.

இம்மூன்று ஊர்களுள் அவர் கண்ட காயல் எது? 1881-ல் நெல்லைச் சீமையின் வரலாற்றை எழுதிய பிஷப் கால்டுவெல், பழையகாயலே அது என்றார். அவ்வூர் மண்ணில் சீனப் பீங்கான் துண்டுகளும் அரபு நாட்டு மட்கலத் துண்டுகளும் சிதறிக் கிடந்ததைக் கண்டே அவர் அம்முடிவுக்கு வந்தார். காயல்பட்டினத்தாரோ தங்கள் ஊரே அது என்பர். அவர்களிடம் பழைய பள்ளிவாசல்களும் கல்வெட்டுகளும் இருக்கின்றன. எம் கருத்தில் இவ்வழக்கு முற்றிலும் தேவையற்றது. கொற்கையை உள்நாடாக்கிய அதே தாமிரபருணி வண்டல்தான் பழையகாயலையும் கடலிலிருந்து பிரித்தது. துறை இடம்பெயர, வணிகரும் இடம்பெயர்ந்தனர். கப்பல் நின்ற இடம் ஒன்று, கப்பலுக்கு உரியவர் வாழ்ந்த இடம் மற்றொன்று என்பது துறைமுகங்களில் காணாத புதுமையா?

மார்க்கோ போலோ கூறும் செய்திக்கு வருவோம். சீனத்திலிருந்து கடல் வழியாகத் தாயகம் திரும்புகையில், 1290-களின் தொடக்கத்தில் அவர் இக்கரையைக் கண்டார். வெனிஸை அவர் அடைந்தது 1295-ல். காயல் பெரியதொரு மாநகர் என்றும், ஐந்து உடன்பிறந்த அரசருள் மூத்தவருக்கு உரியது என்றும் அவர் குறிக்கின்றார். ஹுர்முஸ், கீஷ், ஏடன், அரபு நாடு ஆகிய இடங்களிலிருந்து குதிரைகளும் பிற சரக்குகளும் ஏற்றி வரும் கப்பல்கள் எல்லாம் இங்கே தங்கிச் செல்லும். அரசன் நீதி தவறாதவன். அயல்நாட்டு வணிகரைக் காப்பவன். ஆதலால் வணிகர் விரும்பி வருவர் என்பது அவர் கூற்று. இக்கரை முழுவதையும் அவர் ‘மாபார்’ என்றே அழைப்பார். அதுவும் அரபுச் சொல்லே. ‘அபர’ என்றால் கடந்தான். ‘மஅபர்’ என்றால் கடக்கும் இடம், கடவுத்துறை. ஏட்ரியாட்டிக் கரையிலிருந்து வந்த கிறித்தவர் ஒருவர், பாண்டிய நாட்டுக்கு அரபுப் பெயர் வழங்குகின்றார் என்றால், இக்கடலில் அன்று எம்மொழி பேசப்பட்டது என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

அவர் சொன்ன அனைத்தையும் அப்படியே ஏற்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. இந்நாட்டார் குதிரைகளுக்குச் சோற்றுடன் இறைச்சியையும் சமைத்து ஊட்டினர் என்று அவர் எழுதியதை ஏற்க மனம் தயங்குகின்றது. ஆனால், ஓர் அறிவிப்பாளரின் கூற்றை, அவரோடு தொடர்பில்லாத மற்றோர் அறிவிப்பாளரின் கூற்றோடு ஒப்பிட்டு நோக்கும் முறையை ஹதீஸ் கலை நமக்குக் கற்பித்திருக்கின்றது. அவ்வாறு ஒப்பிட இங்கே இரண்டாவது சாட்சியும் இருக்கின்றார். அவர் ஷீராஸ் நகரத்து வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப். மங்கோலிய சுல்தான் உல்ஜாய்த்துவின் அவையில் 1312-ல் தம் நூலை அளித்தவர் அவர். வெனிஸ் வணிகரின் நூலை அவர் பார்த்திருக்க வழியில்லை. அவரை இவரும் அறியார்.

வஸ்ஸாஃப் சொல்வதைக் கேளுங்கள். கீஷ் தீவின் அதிபராக இருந்தவர் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் இப்ராஹீம். அவருடைய சொந்தக் குதிரைகள் மட்டும் ஆண்டுக்கு 1,400 பாண்டிய நாட்டுக்கு அனுப்பப்பட்டன. கத்தீஃப், லஹ்ஸா, பஹ்ரைன், ஹுர்முஸ் போன்ற இடங்களிலிருந்து வந்தவற்றையும் சேர்த்தால் ஆண்டுக்குப் 10,000 குதிரைகள். ஒன்றின் விலை 220 பொற்காசு. வழியில் கடலில் இறந்த குதிரைக்கும் பாண்டியன் கருவூலத்திலிருந்து விலை கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம்! பெருக்கிப் பார்த்தால் ஆண்டுக்கு 22 இலட்சம் தீனார் ஆகின்றது. வஸ்ஸாஃப் அணியலங்காரத்தில் மயங்குபவர். எனவே பத்தாயிரம் என்ற எண்ணிக்கையைச் சற்றுக் குறைத்தே மதிக்கலாம். ஆனால் குதிரை வணிகத்தின் பெருக்கில் இருவரும் ஒன்றுபடுகின்றனர். நம் நாட்டு இலக்கியமும் இதற்கு இசைகின்றது. மாணிக்கவாசகரைக் குதிரை வாங்கப் பொன்னோடு பாண்டியன் அனுப்பியதும், இறைவனே குதிரை வணிகராய் வந்ததும் திருவிளையாடற் புராணக் கதையன்றோ?

வஸ்ஸாஃப் தரும் மற்றொரு செய்தி, குதிரைகளைக் காட்டிலும் நமக்கு முக்கியமானது. ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் சுந்தர பாண்டியனுக்கு அமைச்சராகவும் ஆலோசகராகவும் விளங்கினார். ஃபத்தன், மலீஃபத்தன், காயல் ஆகிய மூன்று துறைகளும் அவர் பொறுப்பில் விடப்பட்டிருந்தன. வாளால் பெற்ற பதவியன்று அது. ஓர் இந்து அரசன் ஒரு முஸ்லிம் வணிகரின் நேர்மையை நம்பித் தன் நாட்டின் கடல் வாயில்களை ஒப்படைத்த நிகழ்ச்சி அது.

தமிழகத்தில் இஸ்லாம் எப்போது வந்தது என்று கேட்டால், 1311-ல் மலிக் காஃபூருடன் வந்தது என்று நம் பிள்ளைகளே விடையளிக்கக் காண்கின்றோம். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட மாறவர்மன் குலசேகரன் 1310-ல் மாண்டபின், அவன் மக்கள் சுந்தரனும் வீரனும் ஆட்சிக்காகப் பொருதனர். அந்நேரத்தில் டில்லிப் படை புகுந்தது. அப்படையெடுப்பைத் தம் ‘கஸாயினுல் ஃபுதூஹ்’ நூலில் வருணிக்கும் அமீர் குஸ்ரு, டில்லியின் பக்கம் நின்று எழுதுபவர். அவரே ஒரு செய்தியை விட்டுச் சென்றார். வீரபாண்டியனின் மக்களாய் வாழ்ந்த முஸ்லிம்கள் சிலர் டில்லிப் படையிடம் அகப்பட்டனர். பழக்கவழக்கங்களில் அவர்கள் பாதி இந்துக்களாகவே அவருக்குத் தோன்றினர். கலிமா சொல்லத் தெரிந்திருந்ததால் உயிர் தப்பினர். படையெடுத்து வந்தவர் முஸ்லிம். எதிர்ப்புறத்தில் பாண்டியனோடு நின்றவர்களிலும் முஸ்லிம்கள் இருந்தனர். இதைக் காட்டிலும் தெளிவான விடை வேண்டுமா?

எம் ஊரின் பெயரிலும் ஒரு வீரபாண்டியன் இருக்கின்றான். அப்பெயர் பூண்ட பாண்டியர் பலர்; கண்ணொளி மீளப் பெற்ற மன்னன் ஒருவனைக் கௌமாரியம்மன் கோயில் வரலாறு கூறும். அவன் இவன்தானா என்னும் ஆராய்ச்சியில் நாம் இறங்கவில்லை. ஆனால் காயலில் இறங்கிய குதிரைகள் மதுரைக்கு ஏறி வந்தபோது, அவற்றைப் பழக்கவும் பராமரிக்கவும் செலுத்தவும் ஆட்கள் வேண்டியிருந்தனர் என்பது தெளிவு. குதிரை வீரனுக்கு இராவுத்தன் என்று பெயர். மயிலேறும் முருகனையே அருணகிரிநாதர் இராவுத்தன் என்று விளித்தார் என்றால், அச்சொல்லுக்குத் தமிழில் இருந்த மதிப்பை உணரலாம். கம்பம், உத்தமபாளையம் பகுதிகளில் இராவுத்தர் குடும்பங்கள் நிறைந்திருப்பதை வாசகர் அறிவர். மலையடிவாரத்து மக்களாகிய நாம் கடற்கரைக் காயலை அயலூராக எண்ணுவதற்கு நியாயமில்லை.

காயல்பட்டினத்தில் நாம் இரு நாட்கள் தங்கினோம். வீடுகளின் முன்வாசல் ஒரு தெருவையும் பின்வாசல் ஒடுங்கிய முடுக்கையும் நோக்கியிருக்கின்றன. தெரு ஆடவர்க்கு, முடுக்கு பெண்டிர்க்கு. மணமான பெண் தாய்வீட்டிலேயே வாழ, மாப்பிள்ளை அங்கே வந்து சேர்வது ஊர் வழக்கம். சதக்கத்துல்லா அப்பா (ரஹ்) 1632-லும், அரபுத் தமிழில் மார்க்க நூல்கள் தந்த இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) 1816-லும் பிறந்த மண் இது. அரசியல் வலிமை போனபின்னும் கல்வி நின்றது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த போர்த்துகீசியர் துவார்த்தே பார்போசா, காயலில் முத்துக் குளிப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்த செல்வ முஸ்லிம் ஒருவரை மக்கள் அரசரைப் போல் மதித்தனர் என்று எழுதினார். சில பத்தாண்டுகளில் அம்முத்துக்கடல் போர்த்துகீசியர் கைக்குப் போயிற்று. அந்தத் துன்பக் கதை தனிக் கட்டுரைக்கு உரியது.

இவ்வூர்ப் பள்ளிகளைக் கண்டபோது ஒரு கல்வெட்டுச் செய்தி நினைவுக்கு வந்தது. இங்கிருந்த பள்ளிவாசல் ஒன்றுக்கு ‘உதயமார்த்தாண்டப் பெரும்பள்ளி’ என்று வேணாட்டு அரசன் ஒருவனின் பெயரே இடப்பட்டிருந்தது. மாலையில் குடும்பங்கள் கடற்கரை மணலில் வட்டமாக அமர்ந்திருந்தன. மஃரிப் பாங்கு கேட்டதும் ஆடவர் எழுந்து நடந்தனர். எம் பேரப்பிள்ளைகளுக்கு அலைகளை விட்டு வர மனமில்லை.

திரும்பும் வழியில் பழையகாயலில் இறங்கினோம். உப்பளங்கள் வெயிலில் மின்னின. மார்க்கோ போலோவின் பெயர் தாங்கிய பலகையோ, தகியுத்தீனின் பெயர் தாங்கிய பலகையோ எம் கண்ணில் படவில்லை. ஜமாலுத்தீனின் மகன் ஃபக்ருத்தீன் அஹ்மத், மங்கோலிய சுல்தான் கஸானின் தூதராகச் சீனம் சென்றவர். தாயகம் திரும்புகையில், மஅபருக்கு இரண்டு நாள் கடல் தொலைவில், ஹிஜ்ரி 704-ன் இறுதியில், அதாவது 1305-ல் அவர் காலமானார் என்று வஸ்ஸாஃப் எழுதுகின்றார். கீஷ் தீவு இன்னும் நெடுந்தொலைவில் இருந்தது. ஆகவே உடன் வந்தோர் அவரை இக்கரையிலேயே, தந்தையின் சகோதரர் தகியுத்தீன் அடங்கிய இடத்துக்கு அருகில், நல்லடக்கம் செய்தனர்.