உட்கருவும் பொருள்நோக்கு மொழியும்

பணிசெயல் முறைமையின் உட்கருவை எழுதப் பொருள்நோக்கு மொழி ஏற்றதா என்னும் வினாவுக்கு வரலாறே விடை பகர்கின்றது. 1973இல் யுனிக்ஸ் கரு சி மொழியில் மீள எழுதப்பட்டது. 1991இல் தோன்றிய லினக்ஸும் சி மொழியையே கைக்கொண்டது. 1992இல் சி பிளஸ் பிளஸைப் பரீட்சித்துக் கைவிட்டது. ஆயினும் சார்புச் சுட்டிகள் கொண்ட கட்டமைப்புகளால் பல்வேறு கோப்பு முறைமைகளை அது ஒரே வாயிலால் ஆள்கின்றது. இது பொருள்நோக்குச் சிந்தனையன்றோ?

2001இல் வெளிவந்த மாக் ஓஎஸ் எக்ஸின் சாதன இயக்கிப் பகுதி சி பிளஸ் பிளஸிலேயே அமைந்தது. எனினும் விதிவிலக்குக் கையாளலும் பன்மரபுரிமையும் அதில் விலக்கப்பட்டன. கரு தடுமாறின் கணனி முழுவதும் நின்றுவிடும். ஆதலின் மறைவான செலவை அது பொறாது.

ஆகவே, பொருள்நோக்குச் சிந்தனை கருவுக்கு ஏற்றதே. மொழி மறைக்கும் செலவே ஏற்றதன்று. கிளிவெட்டியில் அன்ட்ரொயிட் கைத்தொலைபேசி ஏந்தும் மாணவனும் லினக்ஸ் கருவையே ஏந்துகின்றான். அதன் மூலநிரல் எவருக்கும் திறந்தது. உள்நோக்கிக் கற்றல் நம் கடனாகும்.