இரண்டு சேத்துப்பட்டுகளும் ஓர் உயிலும்

தலித் குடியிருப்புகளில் குடும்பத் தலைவர் இறந்தபின் வீட்டுமனையும் சிறு நிலமும் ஆண்டுக்கணக்கில் இறந்தவர் பெயரிலேயே கிடப்பதை நாம் காண்கிறோம். உயில் இருந்தும் பட்டா மாறுவதில்லை. ‘நீதிமன்றத்தில் புரோபேட் வாங்கி வாருங்கள்’ என்ற ஒரு சொல்லே ஏழை வாரிசுகளைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அச்சொல் எங்கே, யாருக்குப் பொருந்தும் என்பதை அறிவது நிலத்தைக் காப்பதன் முதற்படி.

புரோபேட் என்பது, இறந்தவரின் கடைசி உயில் இதுவே என்று நீதிமன்றம் மெய்ப்பித்துத் தரும் சான்று. உயிலை நிறைவேற்றப் பெயர் குறிக்கப்பட்டவருக்கே அது வழங்கப்படும். அப்படி எவரும் குறிக்கப்படவில்லை என்றால், உயிலால் பயன்பெறுவோர் உயில் இணைத்த நிர்வாக உரிமைச் சான்று கோரலாம்.

சென்னையில் ஒரு சேத்துப்பட்டு உண்டு. ஆரணிக்கு அருகில், திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு சேத்துப்பட்டு உண்டு. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 57, 213 ஆகிய பிரிவுகள் இவ்விரண்டையும் வெவ்வேறாக நடத்தின. சென்னை நகரில் எழுதப்பட்ட அல்லது அந்நகரச் சொத்தைப் பற்றிய இந்துக்களின் உயிலுக்குப் புரோபேட் கட்டாயம். ஆரணிப் பக்கத்துச் சேத்துப்பட்டில் எழுதப்பட்டு அங்குள்ள சொத்தையே குறிக்கும் இந்து உயிலுக்கு அது தேவையில்லை. ஆனால் அதே ஊரின் கிறித்தவருக்கு 2002ஆம் ஆண்டுத் திருத்தம் வரும்வரை தேவைப்பட்டது. லூர்து அன்னை ஆலயத்தைச் சுற்றித் தலித் கிறித்தவர்கள் தலைமுறைகளாக வாழும் ஊர் அது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நீக்கல் மற்றும் திருத்தச் சட்டம் 213ஆம் பிரிவையே அகற்றிவிட்டது.

கட்டாயம் நீங்கியதால் மெய்ப்பிக்கும் பொறுப்பு நீங்கிவிடவில்லை. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை, பதிவும் கட்டாயமன்று. ஆனால் இரு சாட்சிகள் சான்றொப்பமிட வேண்டும். வழக்கு வந்தால், உயிருடன் இருக்கும் சாட்சிகளில் ஒருவரையேனும் நீதிமன்றத்தில் விசாரிக்க வேண்டும். பதிவு செய்த உயிலுக்கும் இதுவே விதி. ஆகவே எழுதுபவரைவிட இளையவர்களைச் சாட்சியாகக் கொள்வது நலம்.

உடன்பிறந்தோர் உயிலை மறுப்பார்கள் என்றால், கட்டாயம் இல்லாவிடினும் புரோபேட் பெறுவது பாதுகாப்பு. இறந்தவர் வாழ்ந்த அல்லது சொத்துள்ள பகுதியின் மாவட்ட நீதிமன்றத்தில், மூல உயிலையும் இறப்புச் சான்றிதழையும் சேர்த்து மனுச் செய்ய வேண்டும். இறந்த நாள், உயில் முறைப்படி எழுதப்பட்டது என்ற கூற்று, சொத்தின் மதிப்பு ஆகியவை மனுவில் இடம்பெற வேண்டும். இறந்து ஏழு நாள் கழியாமல் புரோபேட் வழங்கப்படாது. எவரேனும் எதிர்த்தால் மனு உரிமை வழக்கைப் போல நடத்தப்படும்.

உயில் இல்லாத வீட்டில் மதமே பங்கைத் தீர்மானிக்கிறது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சம பங்கு. கிறித்தவருக்கு மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மீதி. பிள்ளைகள் இருந்தால் தாய்க்கு ஒன்றுமில்லை. இதனினும் கடுமையானது இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு. மதம் மாறியவர் தம் பங்கை இழப்பதில்லை. ஆனால் மாறியபின் அவருக்குப் பிறந்த பிள்ளைகள், வாரிசுரிமை எழும் நாளில் இந்துவாக இல்லையெனில், இந்து உறவினரின் சொத்தை அடைய முடியாது. தீண்டாமையிலிருந்து விலகித் தேவாலயம் சென்றவரின் பிள்ளை, இந்துவாகவே இருந்த தாத்தாவின் மனையை இப்படி இழக்கக்கூடும். தாத்தா தம் சொத்தை உயிலாக எழுதியிருந்தால் இத்தடை எழாது. இரு மதங்கள் கலந்த நம் குடும்பங்களுக்கு உயில் இன்றியமையாதது என்பது இதனாலேயே.

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்க. வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் பெற்று, உயிலைக் காட்டிப் பட்டா மாறுதல் கோருக. 1892ஆம் ஆண்டு அரசாணை 1010இன் வழிவந்த பஞ்சமி நிலமாயின் தாமதம் கூடாது. பட்டியலினத்தார் அல்லாதோர் வாங்கக்கூடாத அந்நிலத்தில் இறந்தவர் பெயர் நீடிப்பது ஆக்கிரமிப்போருக்கே வசதி.

வழக்கறிஞர் செலவுக்கு அஞ்ச வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு பட்டியலினத்தவருக்கும் பெண்களுக்கும் இலவச சட்ட உதவியை உரிமையாக்குகிறது. தலித் கிறித்தவரைச் சட்டம் இன்னும் பட்டியலினத்தவராக ஏற்கவில்லை. எனினும் அவ்வீட்டின் தாயும் மனைவியும் மகளும் பெண் என்ற முறையில் அவ்வுதவியைக் கோரலாம். அவர்கள் பெயரிலேயே மனு எழட்டும்.