லாயாங்-லாயாங்: ஒரு தோட்டச் சிற்றூரின் நிலமும் வரலாறும்

ஊர் என்னும் சொல் தமிழர் வாழ்வில் ஆழ வேரூன்றிய சொல்லாகும். புதியவர் ஒருவரைக் கண்டால் பெயரை வினவியபின் ஊரை வினவுவது நம் மரபு. ஊருக்கென வரலாறு உண்டென்பதையும், அதனைப் பதிந்து வைத்தல் வேண்டுமென்பதையும் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், அவ்வூர்ச் சபையினர் வாரிய உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த வகையை இன்றும் நமக்கு உரைக்கின்றன.

மேலை நாட்டிலும் இத்தகைய பேணுதல் உண்டு. இங்கிலாந்தில் 1086ஆம் ஆண்டில், முதலாம் வில்லியம் மன்னன் ஆணைப்படி, ஊர்தோறும் நிலமும் ஏரும் ஆலையும் கணக்கெடுக்கப்பட்டன. 1538ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு தேவாலயமும் தன் ஊராரின் திருமுழுக்கு, திருமணம், நல்லடக்கம் ஆகியவற்றைப் பதிந்து வைக்குமாறு பணிக்கப்பட்டது. அதனால் அந்நாட்டின் சிற்றூர் உழவன் ஒருவனின் வழிவந்தோரும் தம் குடிவழியைப் பல தலைமுறைகள் பின்னோக்கித் தேடிக் காண இயலுகின்றது.

மலேசியத் தோட்டங்களில் பிறந்து, வளர்ந்து, மறைந்த தமிழர்களின் ஊர்களுக்கு இத்தகைய ஏடு எங்கே உள்ளது? ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தைச் சேர்ந்த லாயாங்-லாயாங் வட்டாரத்தைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

நில அமைப்பு

லாயாங்-லாயாங் கடற்கரை ஊரன்று. ஜொகூரின் உள்நாட்டு ஊர். குளுவாங்கிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் ரெங்கம், லாயாங்-லாயாங், கூலாய் என ஊர்கள் வரிசையாக அமைந்துள்ளன. மலாய்மொழியில் லாயாங்-லாயாங் என்பது காற்றாடியைக் குறிக்கும். தகைவிலான் குருவிக்கும் அப்பெயரே வழங்குகின்றது. உயர்ந்த மலைகள் இங்கு இல்லை. மாவட்டத்தின் உயரமான பெலுமுட் மலை 1,010 மீட்டர் உயரத்துடன் தொலைவில் நிற்கின்றது. லாயாங்-லாயாங்கைச் சூழ்ந்திருப்பவை தாழ்ந்த மேடுகளும், அவற்றிடையே சதுப்பான பள்ளங்களும், பள்ளங்களில் ஓடும் சிற்றாறுகளும் ஆகும். இப்பகுதியின் நீரை ஏந்திச் செல்லும் சாயோங் ஆறு, லிங்கியூ ஆற்றோடு கூடி ஜொகூர் ஆறாகிக் கடலை அடைகின்றது. ஆண்டு முழுவதும் மழை பெய்யும் வெப்ப நிலம் இது.

ஜொகூரின் பழைய வரலாறு ஆறுகளின் வரலாறே எனலாம். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் தாக்கியபொழுது, ஜொகூர் சுல்தான் ஆற்றின் மேற்பகுதியாகிய சாயோங் பக்கம் பின்வாங்கினார். அக்காலத்தில் இவ்வுள்நாடு குடியேறி வாழும் இடமாக அன்றி, அடைக்கலம் தேடும் காடாகவே விளங்கிற்று. 19ஆம் நூற்றாண்டிலும் நிலைமை பெரிதும் மாறவில்லை. தெமெங்கோங் இப்ராகிம் 1844ஆம் ஆண்டு முதல் ஆற்றங்கரைகளைச் சீனத் தலைவர்களுக்கு ஒப்படைத்து, மிளகும் கம்பீரும் பயிரிடச் செய்தார். கங்சூ முறை எனப்படும் அந்த ஏற்பாடு 1917ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. படகு செல்லும் இடம் வரையில்தான் அப்பயிர்கள் பரவின. படகு எட்டாத மேட்டுக்காடுகள் காடுகளாகவே இருந்தன.

இருப்புப்பாதையும் தோட்டமும்

இந்நிலையை மாற்றியது இருப்புப்பாதையாகும். சுல்தான் இப்ராகிமுக்கும் ஆங்கில அரசுக்கும் 1904ஆம் ஆண்டில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அமைக்கப்பட்ட பாதை, 1909ஆம் ஆண்டில் கெமாசையும் ஜொகூர் பாருவையும் இணைத்தது. ஆற்றை நம்பியிராமல் உள்நாட்டிலிருந்து சரக்கை ஏற்றிச் செல்ல வழி பிறந்தது. மறு ஆண்டாகிய 1910இல் ரப்பரின் விலை உலகச் சந்தையில் உச்சத்தைத் தொட்டது. இவ்விரண்டும் அடுத்தடுத்து நிகழ்ந்தமையால் காடு அழிந்தது, தோட்டம் எழுந்தது.

தோட்டத்திற்குக் கைகள் வேண்டியிருந்தன. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுற்றது. ஆயினும் கங்காணி முறையில் திருச்சி, தஞ்சை, சேலம், ஆர்க்காட்டுப் பகுதிகளிலிருந்து தமிழர் தொடர்ந்து வந்தனர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியோர் பினாங்கிலும் கிள்ளான் துறைமுகத்திலும் கரையிறங்கித் தோட்டங்களைச் சேர்ந்தனர். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு இத்தகைய குடியேற்றத்தைத் தடை செய்தது. அதன்பின் தோட்டத்தின் மக்கள் தொகை தோட்டத்திலேயே பிறந்த பிள்ளைகளால் வளர்ந்தது. கூலிகள் தங்குமிடமாக இருந்த தோட்டம் ஊராக மாறியது இக்காலத்தில்தான் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

அவ்வூரின் அமைப்பும் ஈண்டு நோக்கத்தக்கது. மேட்டின் உச்சியில் துரையின் பங்களா. சரிவில் கிராணிமார் வீடுகள். பள்ளத்தில், நீர்நிலைக்கு அருகில் தொழிலாளர் லயங்கள். லயத்தை ஒட்டி மாரியம்மன் கோவில், ஆயாக்கொட்டகை, பெரட்டுக்களம், பள்ளி. பெரும்பாலான தோட்டங்களில் இவ்வரிசையைக் காணலாம். ஒருவர் வாழும் உயரத்தைக் கொண்டே அவருடைய பதவியை அறிந்து கொள்ளலாம். தொல்காப்பியர் மக்கள் வாழ்வை நிலத்தால் வகுத்துக் காட்டினார். தோட்டமோ நிலத்தையே பதவியால் வகுத்து வைத்தது.

போர் எழுதிய பக்கம்

உலக வரலாற்று நூல்களில் லாயாங்-லாயாங் என்னும் பெயர் ஒருமுறை இடம்பெறுகின்றது. 1942 ஜனவரி இறுதியில், பிரிட்டிஷ் தரப்பின் ஒன்பதாம் இந்தியப் படைப்பிரிவு சப்பானியர்முன் இருப்புப்பாதை வழியே சிங்கப்பூரை நோக்கிப் பின்வாங்கிக் கொண்டிருந்தது. அதன் தலைவர் மேஜர் ஜெனரல் பார்ஸ்டோ ஜனவரி 28ஆம் நாள் லாயாங்-லாயாங் அருகே கொல்லப்பட்டார். அப்பிரிவின் 22ஆம் படையணி துண்டிக்கப்பட்டு, ரப்பர்க் காடுகளிலும் சதுப்புகளிலும் வழிதேடி அலைந்தது. அதனுள் சிங்கப்பூரை அடைந்தோர் மிகச் சிலரே. ஜனவரி 31இல் ஜொகூர்ப் பாலம் தகர்க்கப்பட்டது.

படைத்தலைவர் மாண்ட நாளும் இடமும் பதிவாகியுள்ளன. அந்த நாள்களில் பால்மரங்களினிடையே வாழ்ந்த குடும்பங்கள் எங்கே ஒளிந்தன, எதை உண்டன என்பதைக் கூறும் ஏடு இல்லை. போரின் பின்விளைவு அவர்களை விடாது தொடர்ந்தது. சயாம்–பர்மா இருப்புப்பாதைக்கென மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தொழிலாளர் 70,000க்கும் மேற்பட்டோர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர், பல்லாயிரவர் திரும்பவில்லை. மாண்ட ஒவ்வொருவரும் ஏதோ ஒரு லயத்தின் வாசலிலிருந்து சென்றவரே. எந்த லயத்திலிருந்து யார் சென்றார் என்பதைத்தான் இன்று எவரும் முழுமையாகக் கூறுதல் இயலாது.

பனையின் குடிவழி

லாயாங்-லாயாங்கை அடுத்துள்ள உலு ரெமிஸ் தோட்டம் கத்ரி நிறுவனத்திற்கு உரியதாக இருந்தது. உலு என்பது ஆற்றின் மேற்பகுதியைக் குறிக்கும் மலாய்ச்சொல். இங்கே இரண்டாம் உலகப்போருக்கு முன்பே செம்பனை வேரூன்றிவிட்டது.

செம்பனையின் கதை வியப்பிற்குரியது. அதன் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848ஆம் ஆண்டில் சாவகத்தீவின் போகோர் பூங்காவில் நான்கு கன்றுகள் நடப்பட்டன. அவற்றின் வித்துகள் சுமத்திராவின் டெலி பகுதிக்குச் சென்று, புகையிலைத் தோட்டங்களில் அழகுமரங்களாக வளர்ந்தன. அம்மரபு டெலி டூரா எனப் பெயர் பெற்றது. மலாயாவில் வணிக நோக்குடன் செம்பனை முதன்முதலாகப் பயிரிடப்பட்டது 1917ஆம் ஆண்டில், சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில். பின்னர் அம்மரபு உலு ரெமிசுக்கும் வந்தது. ஆய்வாளர் மரம் மரமாகக் குலைகளை நிறுத்து, எண்ணெயின் அளவைக் கணித்து, சிறந்தவற்றைத் தேர்ந்து கலந்தனர். அவ்வாறு தேர்ந்த இனம் "உலு ரெமிஸ் டெலி டூரா" என்னும் பெயருடன் உலகின் செம்பனை ஆய்வு நூல்களில் நிலைபெற்றுள்ளது. பல நாடுகளில் நடப்படும் வித்துகளின் தாய்வழி அதனோடு தொடர்புடையது.

இங்கேதான் சிந்தித்தல் வேண்டும். உலு ரெமிஸ் பனைக்கு நான்கு தாய்மரங்கள் வரை எட்டும் குடிவழி எழுதப்பட்டுள்ளது. அப்பனைகளை நட்ட, களை எடுத்த, குலை அறுத்த, உதிர்ந்த பழத்தைப் பொறுக்கிய மனிதருக்கோ அத்தகைய ஏடு இல்லை. அவர்களின் பெயர் செக்ரோலில் இருந்தது உண்மையே. ஆயினும் அந்நாளின் வேலையும் கூலியும் தீர்ந்ததும் செக்ரோலின் பயனும் தீர்ந்தது. பனையின் பதிவு அடுத்த தலைமுறைப் பனைக்காக வைக்கப்பட்டது. மனிதரின் பதிவு மாதக் கணக்கை முடிப்பதற்காக வைக்கப்பட்டது. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு இதுவேயாகும்.

ஊர் கலைந்த விதம்

1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலம் சிதறிக் கிடந்த லயங்களை முள்வேலிக்குள் ஒன்று சேர்த்தது. 1969இல் நடைமுறைக்கு வந்த வேலை அனுமதி முறையால், குடியுரிமை பெறாத பல்லாயிரம் தொழிலாளர் தோட்டங்களைவிட்டு இந்தியாவுக்குச் சென்றனர்.

1981ஆம் ஆண்டு இரு நிகழ்ச்சிகளால் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு பிப்ரவரியில் கமரூனிலிருந்து கொணரப்பட்ட ஒரு சிறு வண்டு குளுவாங்கின் மாமோர் தோட்டத்தில் விடப்பட்டது. அதுவரை செம்பனைப் பூக்களுக்குக் கையால் மகரந்தம் தூவும் வேலை தொழிலாளருக்கு இருந்தது. பெண்கள் பலர் அதில் ஈடுபட்டிருந்தனர். வண்டு அவ்வேலையைத் தானே ஏற்றுக்கொண்டது. விளைச்சல் பெருகியது, ஒரு வேலை மறைந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 7ஆம் நாள் லண்டன் பங்குச் சந்தையில் கத்ரி நிறுவனம் மலேசியர் கைக்கு மாறியது. பின்னர் 2007இல் அது சைம் டார்பியுடன் இணைந்தது. நிலத்தின் உரிமையாளர் மாறிக்கொண்டே இருந்தனர். எக்காலத்திலும் அந்நிலத்தில் வாழ்ந்தோர் அதன் உரிமையாளராக இருந்ததில்லை. வேலை முடிந்தால் வீடும் முடியும் என்பதே லயத்தின் சட்டம். ஆகவே பிள்ளைகள் கூலாய்க்கும் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிச் சென்றனர். ஊர் மெல்லக் கலைந்தது.

எஞ்சியிருக்கும் ஏடு

எனினும் தோட்டத் தமிழருக்கென ஓர் ஏடு எஞ்சியுள்ளது. கூட்டு மலாய் மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பத்துப் பிள்ளைகள் வாழும் தோட்டத்தில் பள்ளி அமைக்க வழி வகுத்தது. அத்தகைய பள்ளிகள் பிற மாநிலங்களிலும் பரவின. கொட்டகையில் தொடங்கி, கிராணியே ஆசிரியராக அமர்ந்த பள்ளியிலும் பெயர்ப்பட்டியல் ஒன்று இருந்தது. மாணவர் சேர்க்கைப் பதிவேட்டில் பிள்ளையின் பெயர், பிறந்த நாள், தந்தை பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகியவை இடம்பெற்றன. இங்கிலாந்தின் ஊருக்குத் தேவாலயப் பதிவேடு எதுவோ, தோட்டத்திற்குப் பள்ளிப் பதிவேடு அதுவே. ஒரே மாதத்தில் பல பிள்ளைகள் விலகியிருப்பின் தோட்டத்தில் ஏதோ நிகழ்ந்திருக்கின்றது என்று உணரலாம். ஒரே தந்தையின் பிள்ளைகளைத் தொடர்ந்து நோக்கின் ஒரு குடும்பத்தின் கதை விரியும்.

1957ஆம் ஆண்டில் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530 பள்ளிகளே உள்ளன. மூடப்பட்ட பள்ளிகளின் ஏடுகள் கறையானுக்கோ நெருப்புக்கோ இரையாயின், அவ்வூர்கள் இரண்டாம் முறை அழிந்தனவாகும். லாயாங்-லாயாங் வட்டாரத்தில் இன்றும் தோட்டப் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றின் பழைய பதிவேடுகளைப் படியெடுத்தல், முதியோரிடம் கேட்டு லயங்களின் வரைபடத்தை மாணவரைக் கொண்டு வரைவித்தல், கோவில் திருவிழா அழைப்பிதழ்களைத் தொகுத்தல் ஆகியவை பெரும்பொருள் வேண்டாத பணிகள். முதுமை எய்தியோர் நம்மிடையே உள்ளவரைதான் இவற்றைச் செய்ய இயலும்.

உத்திரமேரூர்ச் சபையினர் கல்லில் எழுதினர். தோட்டத்தின் பிள்ளைகளுக்கு வாய்த்தது ஒரு பள்ளியின் நீலமையும் கோடிட்ட தாளும் மட்டுமே. அத்தாளைக் காப்பது தமிழாசிரியர் கடமை.