பள்ளிவாசல் சர்வரின் ஃபெர்ம்வேர்: கட்டளை வரியில் புதுப்பிக்கும் முறை



நம் ஜமாஅத்களின் நிக்காஹ் தஃப்தர், மய்யித்துப் பதிவேடு, சந்தா வரவு, பைத்துல்மால் கணக்கு எல்லாம் மெல்ல மெல்லக் கணினிக்கு வந்துவிட்டன. 2025 ஜூன் 6 அன்று ஒன்றிய அரசு 'உமீத்' இணையதளத்தைத் தொடங்கி, வக்ஃபு சொத்து விவரங்களை ஆறு மாதத்திற்குள் பதிவேற்ற வேண்டும் என்று அறிவித்தது. அப்போது பழைய பத்திரங்களைத் தேடி எடுத்து ஸ்கேன் செய்யும் வேலையும் சேர்ந்துகொண்டது. இவையெல்லாம் சேர்ந்திருக்கும் சர்வர் ஓர் அமானிதம். பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற வெயிலும் புழுதியும் மின்வெட்டும் உள்ள ஊர்களில் அதைப் பேணுவதற்குக் கூடுதல் கவனம் தேவை.

அந்தப் பராமரிப்பில் பலரும் தொடாமல் விடும் பகுதி ஃபெர்ம்வேர். லினக்ஸ் ஓடும் சர்வரில் அதைப் புதுப்பிக்கும் முறையை இங்கே தருகிறோம். இந்த வேலையைச் செய்யும் பிள்ளைகளுக்கும், செய்யச் சொல்லும் முத்தவல்லிகளுக்கும் இது பயன்படும், இன்ஷா அல்லாஹ்.

ஃபெர்ம்வேர் என்பது என்ன?

கணினியை ஆன் செய்தவுடன் லினக்ஸோ விண்டோஸோ உடனே எழுந்துவிடுவதில்லை. தாய்ப்பலகையில் ஒரு சிறு ஃபிளாஷ் சிப் இருக்கிறது. அதில் எழுதப்பட்ட நிரல்தான் முதலில் ஓடி, நினைவகத்தையும் வட்டையும் தயார்செய்து, பிறகு இயங்குதளத்திடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. முன்பு இதை பயாஸ் என்றார்கள், இப்போது யூஇஎஃப்ஐ என்கிறார்கள். வட்டு, நெட்வொர்க் கார்டு, ரெய்டு கார்டு ஒவ்வொன்றுக்குள்ளும் இப்படி ஒரு நிரல் உண்டு. இவற்றின் பொதுப்பெயர்தான் ஃபெர்ம்வேர்.

இயங்குதளம் கெட்டால் மறுபடி நிறுவிக்கொள்ளலாம். ஃபெர்ம்வேர் பாதி எழுதப்பட்ட நிலையில் நின்றுபோனால் கணினி எழவே எழாது. பலர் இதைத் தொட அஞ்சுவது இதனால்தான். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் தொடாமலே விடுவதிலும் ஆபத்து உண்டு.

புதுப்பிக்கத்தான் வேண்டுமா?

இரண்டு உண்மை நிகழ்வுகளைப் பார்ப்போம்.

2019 நவம்பரில் எச்பிஇ நிறுவனம் ஓர் அவசர அறிவிப்பு வெளியிட்டது. அதன் சர்வர்களில் பயன்பட்ட சில எஸ்எஸ்டி வட்டுகள், மொத்தம் 32,768 மணி நேரம், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரம் ஓடியதும் செயலிழந்துவிடும். வட்டையும் மீட்க முடியாது, அதிலுள்ள தரவையும் மீட்க முடியாது. காரணம் வட்டின் ஃபெர்ம்வேரில் இருந்த ஒரு பிழை. ஒன்றாக வாங்கி ஒரே நாளில் பொருத்திய வட்டுகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அந்த எண்ணைத் தொடும். அப்போது ரெய்டு அமைப்பும் காப்பாற்றாது. புதிய ஃபெர்ம்வேரை முன்கூட்டியே ஏற்றியவர்கள் தப்பித்தார்கள்.

இரண்டாவது, 2018 ஜனவரி 3 அன்று வெளியான மெல்ட்டவுன், ஸ்பெக்டர் எனும் பாதுகாப்புக் குறைகள். இவற்றுக்காக இன்டெல் தந்த நிரலை ஏற்றிய சில கணினிகள் தாமாகவே மறுதொடக்கம் ஆகத் தொடங்கின. ஜனவரி 22 அன்று இன்டெல் நிறுவனமே அந்தப் பதிப்பை ஏற்ற வேண்டாம் என்று அறிவித்தது.

முதல் நிகழ்வு அலட்சியம் கூடாது என்கிறது. இரண்டாவது, அவசரமும் கூடாது என்கிறது. புதிய பதிப்பு வந்துவிட்டது என்பது மட்டும் காரணமாகாது. அது எந்தக் குறையைச் சரிசெய்கிறது, அந்தக் குறை நம் கணினியில் இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் குறிப்பைப் படித்துப் பார்க்க வேண்டும். அவசரமில்லாத பதிப்பு என்றால் சில வாரங்கள் பொறுத்து ஏற்றுவது நல்லது.

தொடங்கும் முன்

1. காப்புப்படி: எல்லாத் தரவையும் வெளி வட்டு ஒன்றில் எடுத்து, அதைக் கழற்றி வேறு கட்டடத்தில் வையுங்கள். அதிலிருந்து இரண்டொரு கோப்புகளைத் திறந்தும் பாருங்கள். திறந்து பார்க்காத காப்புப்படியை நம்ப முடியாது.

2. மின்சாரம்: ஃபெர்ம்வேர் எழுதப்படும் சில நிமிடங்களில் மின்சாரம் போகக் கூடாது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று முதலில் பாருங்கள். சர்வரை யுபிஎஸ்ஸில் இணைத்து, அது எத்தனை நிமிடம் தாங்கும் என்று முந்தைய நாளே சோதியுங்கள். வெயில் மிகுந்த ஊர்களில் யுபிஎஸ் பேட்டரி சீக்கிரம் வலுவிழக்கும்.

3. நேரம்: ஜுமுஆ நாளும், ஃபித்ரா கணக்கு ஓடும் ரமலான் வாரங்களும் வேண்டாம்.

4. அருகில் ஓர் ஆள்: வளைகுடாவிலோ சென்னையிலோ இருக்கும் தம்பி எஸ்எஸ்எச் வழியாக இதைச் செய்யலாம். ஆனால் கணினி எழவில்லை என்றால் அங்கிருந்து ஒன்றும் தெரியாது. திரை, விசைப்பலகையுடன் ஒருவர் சர்வர் அருகில் இருக்கட்டும்.

5. குறிப்பு: பயாஸ் அமைப்புத் திரைகளைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். வட்டு மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் அதன் கடவுச்சொல் கைவசம் இருக்க வேண்டும். புதுப்பித்த பிறகு அது கேட்கப்படலாம்.

செய்முறை

கட்டளைகளைத் தமிழில் ஒலிபெயர்த்துத் தருகிறோம். தட்டச்சு செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இட வேண்டும். ஒவ்வொன்றின் முன்னும் நிர்வாகி அனுமதிக்கான 'சூடோ' சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் தற்போதைய பதிப்பைத் தெரிந்துகொள்ள 'டிஎம்ஐடிகோட்' கட்டளையை ஓட்டுங்கள். கணினியின் மாடல், பயாஸ் பதிப்பு, அதன் தேதி மூன்றையும் அது காட்டும். தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, 2015இல் ரெட் ஹேட் நிறுவனத்தின் ரிச்சர்ட் ஹியூஸ் தொடங்கிய கருவி. பெரும்பாலான லினக்ஸ் விநியோகங்களில் இது கிடைக்கிறது. எஃப், டபிள்யூ, யு, பி, டி, எம், ஜி, ஆர் ஆகிய எட்டு எழுத்துகளையும் சேர்த்து எழுதினால் அதுவே கட்டளை. அதன் பின் ஓர் இடைவெளி விட்டு, கீழ்க்கண்டவற்றை வரிசையாக இட்டு ஓட்டுங்கள்.

- 'கெட்-டிவைசஸ்': புதுப்பிக்கத்தக்க பாகங்களின் பட்டியலைத் தரும்.
- 'ரிஃப்ரெஷ்': தயாரிப்பாளர்கள் வெளியிட்ட பதிப்புகளின் பட்டியலை இணையத்திலிருந்து எடுத்துவரும்.
- 'கெட்-அப்டேட்ஸ்': நம் கணினிக்கு உரியவை எவை, எதைச் சரிசெய்கின்றன என்று சொல்லும். இங்கே நின்று நிதானமாகப் படியுங்கள்.
- 'அப்டேட்': பதிவிறக்கி ஏற்றும். பாகத்தின் அடையாள எண்ணைச் சேர்த்தால் அதை மட்டும் புதுப்பிக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு பாகம் என்று செய்வதே நல்லது.

தாய்ப்பலகையின் ஃபெர்ம்வேர் என்றால், கோப்பு தயார்நிலையில் வைக்கப்பட்டு, மறுதொடக்கத்தின்போதுதான் எழுதப்படும். கணினி யூஇஎஃப்ஐ முறையில் எழுந்திருந்தால்தான் இது நடக்கும். திரை சில நிமிடங்கள் கறுத்து நிற்கலாம், கணினி இரண்டு மூன்று முறை தானாக மறுதொடக்கம் ஆகலாம். அதைக் கண்டு பவர் பட்டனை அழுத்திவிடக் கூடாது.

இந்தக் கருவிக்குள் வராதவை

எல்லாத் தயாரிப்பாளர்களும் எல்லா மாடல்களுக்கும் இந்த வழியில் ஃபெர்ம்வேர் தருவதில்லை. டெல் சர்வர்களில் ஐடிராக், எச்பிஇ சர்வர்களில் ஐஎல்ஓ எனும் தனி மேலாண்மைப் பகுதி உண்டு. இயங்குதளம் எழாவிட்டாலும் அது வேலை செய்யும், அதன் வழியே புதுப்பிக்கலாம். சில கல்லூரிகளில் இன்னும் இருக்கும் பழைய சன் சோலாரிஸ் சர்வர்களின் முறையே வேறு. டி வரிசையின் பழைய மாடல்களில் 'சிஸ்எஃப்டபிள்யூடவுன்லோட்' கட்டளையால் கோப்பைக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு அனுப்பி, சர்வரை நிறுத்திவிட்டு, அங்கிருந்து 'ஃபிளாஷ்அப்டேட்' கட்டளையை ஓட்ட வேண்டும்.

எந்த வழியானாலும் கோப்பு தயாரிப்பாளரிடமிருந்தே வர வேண்டும். வாட்ஸ்அப்பில் நண்பர் அனுப்பியது, ஏதோ ஒரு தளத்தில் கிடைத்தது எதுவும் வேண்டாம். செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்பது குர்ஆனின் கட்டளை. ஹதீஸைக் கேட்டதும் இஸ்னாதைப் பார்ப்பது மதரஸாவில் நாம் கற்ற பழக்கம். ஃபெர்ம்வேர் கோப்பில் உள்ள டிஜிட்டல் கையொப்பமும் ஏறக்குறைய அப்படித்தான். யாரிடமிருந்து வந்தது, வழியில் யாரும் மாற்றினார்களா என்பதை அது காட்டும். கையொப்பம் பொருந்தவில்லை என்று கணினி மறுத்தால், அதை வற்புறுத்தி ஏற்ற வழி தேடக் கூடாது.

முடிந்த பிறகு

'கெட்-ஹிஸ்டரி' இட்டுப் பார்த்தால் வெற்றியா தோல்வியா என்று தெரியும். 'டிஎம்ஐடிகோட்' கட்டளையை மறுபடி ஓட்டி, தாளில் எழுதிய பழைய பதிப்போடு ஒப்பிடுங்கள். பிறகு பயாஸ் அமைப்புகளை எடுத்துவைத்த படங்களோடு சரிபாருங்கள். சில நேரம் அவை ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும். குறிப்பாக, மின்சாரம் போய் வந்தால் கணினி தானாக எழ வேண்டும் என்ற அமைப்பு மாறியிருந்தால், அடுத்த மின்வெட்டுக்குப் பிறகு சர்வர் அணைந்தே கிடக்கும்.

புதிய பதிப்பில் கோளாறு தெரிந்தால் 'டவுன்கிரேட்' கட்டளை பழையதற்குத் திருப்பும். சில தயாரிப்பாளர்கள் பாதுகாப்பு கருதி இதை அனுமதிப்பதில்லை. கணினி எழவே இல்லை என்றால், தயாரிப்பாளரின் கையேட்டில் மீட்பு முறை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல சர்வர்களில் இரண்டாவது பிரதி ஒன்று சேமிக்கப்பட்டிருக்கும்.

தேதி, பழைய பதிப்பு, புதிய பதிப்பு, செய்தவர் பெயர் நான்கையும் ஜமாஅத் மினிட் புத்தகத்தில் எழுதி வையுங்கள். இந்த முறையை ஒருவர் மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதாது. அவர் வேலைக்காக வெளியூர் போய்விட்டால் சர்வர் அநாதையாகிவிடும். மஹல்லாவில் குறைந்தது இரண்டு பிள்ளைகளுக்காவது கற்றுக்கொடுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல் இதற்கும் பொருந்தும். காப்புப்படி எடுப்பதும், யுபிஎஸ் சோதிப்பதும், கோப்பின் மூலத்தை விசாரிப்பதும் ஒட்டகத்தைக் கட்டுவதுதான். அதன் பிறகு பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குங்கள். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைப் பேணிக் காக்கும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.