அலையைக் கண்ணால் பார்ப்பது: மலையகத்துக்கு ஓர் ஒஸிலோஸ்கோப்

எங்கள் மலைகளுக்கு மின்னும் அலையும் புதுசில்லை. நோர்ட்டன் பிரிட்ஜ் நீரை இறக்கி பழைய லக்ஷபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. 1965இல் காசல்ரீ அணை வந்தது. 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கியபோது அதன் பிரதான ஒளிபரப்பி நின்றது பிதுருதலாகலை உச்சியில். ஆனா பெரும்பாலான லயங்களுக்கு லைட் வந்து சேர இன்னும் பல வருஷம் பிடிச்சது. கருவி பக்கத்திலேயே இருக்கும், கைக்கு எட்டாது. இதுதான் எங்கள் தொழில்நுட்ப வரலாறு.

ஒஸிலோஸ்கோப்பும் அப்படித்தான் இருந்தது. 1897இல் ஜெர்மன் பௌதிகவியலாளர் பிரௌன் கதோட்டுக் கதிர்க் குழாயில் மின்னலையைக் கண்ணுக்குக் காட்டினார். 1947இல் அமெரிக்காவின் டெக்ட்ரோனிக்ஸ் 511 வந்தது: 10 மெகாஹெர்ட்ஸ், விலை 795 டொலர். ஆய்வுகூடங்களும் கம்பனிகளும்தான் அதை வாங்கின. பிறகு அலையை எண்களாக மாற்றிச் சேமிக்கும் டிஜிட்டல் கருவிகள் வந்தன. சிப் மலிவானதும் அவை வீட்டு மேசைக்கும் இறங்கிவிட்டன. திருவிழாவுக்கு அம்ப் செய்கிற, பழுது பார்க்கிற எங்கள் தம்பி தங்கச்சிகள் இப்போது கேட்பது: எதை வாங்குவது?

விளம்பரம் முதலில் காட்டுவது மெகாஹெர்ட்ஸ். மனிதக் காது கேட்பது சுமார் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை. 1947இன் அந்த 511கூட அதைப்போல 500 மடங்கு! ஆகவே ஓடியோவுக்கு 200 மெகாஹெர்ட்ஸ் தேவையில்லை, 50 தாராளம். அதுக்காக 200 கிலோஹெர்ட்ஸ் மட்டும் காட்டும் சட்டைப்பைக் கருவியோடு நின்றுவிடவும் கூடாது. இன்றைய டி வகுப்பு அம்ப்கள் உள்ளே பல நூறு கிலோஹெர்ட்ஸில் திறந்து மூடுகின்றன. கோளாறு அங்கே இருந்தால் அது கண்ணில் படாது.

அடுத்தது பிட். பொதுவான டிஜிட்டல் ஒஸிலோஸ்கோப் 8 பிட், அதாவது அலையை 256 படிகளாகப் பிரிக்கும். 1 வீதச் சிதைவு என்றால் இரண்டு மூன்று படிதான், திரையில் தெரியாது. அலையின் தலை வெட்டுப்படுவது, 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் இரைச்சல், இவை நன்றாகத் தெரியும். நுண்ணிய சிதைவை அளக்க கணினியின் 16 பிட் சவுண்ட் கார்ட் போதும், அதில் 65,536 படி. ஆனா அதுக்குள்ள நேரடியாக ஸ்பீக்கர் வோல்டேஜைக் கொடுத்திராதீங்க.

சானல் இரண்டு கட்டாயம். பெரும்பாலான மேசைக் கருவிகளில் புரோப்பின் எர்த் கிளிப் சுவர் எர்த்தோடு ஒட்டியிருக்கும். பல டி வகுப்பு அம்ப்களில் ஸ்பீக்கர் கம்பி இரண்டிலுமே மின்னழுத்தம் இருக்கும். அதிலொன்றில் கிளிப்பைப் போட்டால் அம்ப் போயிரும். இரண்டு புரோப்பை இரண்டு கம்பியிலும் வைத்து, கிளிப்களை அம்பின் எர்த்தில் போட்டு, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்க்கணும்.

2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. தேவையில்லாத ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸும் யாரோ ஓர் அம்மா கொழுந்து பறித்துப் போட்ட பேர். நாலு பேர் சேர்ந்து ஒன்றை வாங்குங்க. ஒரு தோட்டத்துக்கு ஒன்று இருந்தால்கூட, இம்முறை கருவி பக்கத்திலும் இருக்கும், கையிலும் இருக்கும்.