மதிப்பெண்ணும் கற்றலின் சான்றும்

1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு தொடங்கப்பட்டபோது, அவை பாடம் நடத்தவில்லை. தேர்வு வைத்துப் பட்டம் வழங்கின. கற்பித்தல் இணைப்புக் கல்லூரிகளின் பொறுப்பாக இருந்தது. 1904ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டம் கற்பிக்கும் பணிக்கு வழிவிட்டது. கல்லூரிகளின் மீதான மேற்பார்வையையும் இறுக்கியது. ஆயினும் மதிப்பெண்ணே கல்விக்கு முழுச் சான்று என்ற வழக்கம் வேரூன்றிவிட்டது. அந்த வழக்கத்தை அசைத்தது தர மதிப்பீடுதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் கீழ் ‘நாக்’ எனப்படும் தேசிய மதிப்பீட்டு அங்கீகார அவையும், தொழில்நுட்பக் கல்விக்கான தேசிய அங்கீகார வாரியமும் 1994இல் உருவாயின. 2014இல் அந்த வாரியம், பொறியியல் பட்டக் கல்வியின் அங்கீகாரத்தை நாடுகள் பரஸ்பரம் ஏற்க வழிசெய்யும் வாஷிங்டன் உடன்படிக்கையில் நிரந்தர உறுப்பினரானது. பட்டதாரி எதைச் செய்ய வல்லவர் என்பதைப் பொறியியல் துறைகள் சான்றுடன் காட்டவேண்டிய கட்டாயம் அதனால் வலுப்பட்டது.

தேர்வு இருக்கையில் பட்டதாரியின் திறனைத் தனியே அளந்து காட்டும் இந்த அளவீடு எதற்கு என்று கேட்பார்கள். தேர்வு மாணவரை அளக்கிறது; பாடத்திட்டத்தில் எங்கே ஓட்டை என்பதைச் சொல்வதில்லை. இது வெறும் காகித வேலை, ஆசிரியரின் நேரத்தைத் தின்கிறது என்பது இன்னொரு குறை. அதில் உண்மை உண்டு: பழைய மதிப்பெண்களையே புதிய அட்டவணைகளில் நிரப்பினால் பயன் ஏதுமில்லை. ஆனால் அது அளவீட்டின் குற்றமன்று, அதைப் பயன்படுத்தும் முறையின் குற்றம். கண்டறிந்த குறைக்கேற்ப அடுத்த ஆண்டின் பாடத்தைத் திருத்தும் துறைக்கே அங்கீகாரம் பொருளுடையது. கல்லூரிகள் அந்தத் திருத்தத்தையே முதற்கடமையாகக் கொள்ள வேண்டும்.